ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிட்டார் முறை குறித்து உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். ஐரோப்பாவில் ஜிப்சிகள் என அழைக்கப்பட்ட ரோமா மக்களின் இசை ஜாஸில் கலந்த விதம் குறித்து ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். ரோமா இனத்தைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டே அதன் மையம். 1928-இல் தம் வண்டிவீடு தீப்பற்றியதில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் ஏறக்குறைய முடங்கிய பின்பும், அவர் எஞ்சிய இரு விரல்களாலேயே தனி வாசிப்புகளை அமைத்து, 1934-இல் பாரிஸில் வயலின் கலைஞர் ஸ்தெபான் கிராப்பெல்லியுடன் ஐவர் குழுவைத் தொடங்கினார். அக்குழுவில் டிரம்ஸ் இல்லை. ‘லா போம்ப்’ எனும் கிட்டார் மீட்டலே தாளத்தைத் தாங்கியது. அதில் வலக்கை மணிக்கட்டு எப்படி இயங்குகிறது, ஒலியைச் சட்டென நிறுத்த இடக்கை எப்போது பிடியைத் தளர்த்துகிறது என்பதைக் கிட்டார் வாசிப்பவர்கள் விளக்க முடியுமா? பிளாக் சப்பாத் எனும் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, விரல்நுனிகளை இழந்த பின் ஜாங்கோவின் வாசிப்பைக் கேட்டே மீண்டும் கிட்டாரைக் கையிலெடுத்தார் என்பதால், ராக் இசை அறிந்தவர்களின் குறிப்புகளையும் ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.