தேக்கங்காட்டை ஒரேயடியாத் தறிச்சா என்ன குடிமுழுகிப் போகும்?

படுவான்கரையான்:
எங்கட வயல் வட்டைக்கு மேல இருந்த தேக்கங்காட்டைப் போன கிழமை பார்த்தன். ஒரு மரம் மிச்சமில்ல, அடிக்கட்டையும் குழையும்தான் கிடக்கு. புரட்டாதி முடியப்போகுது. மாரி இறங்கினா அந்த மண் நேராக் குளத்துக்குத்தான் வரும். கொஞ்சம் கொஞ்சமாத் தறிச்சா ஆகாதா?

மரக்காலைக் காக்கா:
தம்பி, அது காடில்ல, தோட்டம். நட்டதே தறிக்கத்தான். இலங்கையில இயற்கைக் காட்டில மரம் தறிக்கிறத 1990ல நிப்பாட்டியாச்சு. பிறகு பலகை எங்கால வரும்? நட்ட தோட்டத்திலயும் வீட்டு வளவிலயும் இருந்துதான். தேக்குக்கு நல்ல வெயில் வேணும், நிழலுக்குள்ள புதுக்கன்று எழும்பாது. அதாலதான் மொத்தமாத் தறிக்கிற. உங்கட வீட்டு நிலை என்ன மரமெண்டு ஒருக்காத் தட்டிப் பாருங்க 😄

புல்லுமலைப் பொடியன்:
காக்கா சொல்றதில பாதி சரி. தேக்கங்காடு பாலை மரமும் வீரை மரமும் நிண்ட காடு மாதிரி இல்ல. சருகில நெருப்புப் பிடிச்சா அடியில ஒண்டும் மிஞ்சாது. அந்தப் பெரிய இலையில சேர்ந்து சொட்டுற துளி மரம் நிக்கக்குள்ளயே மண்ணைக் கிண்டும். ஆனா அங்க ஓடைக்கரை மருதையும் சேர்த்தெல்லா விழுத்தியிருக்காங்க! அத ஆரு நட்டது? அதில ஒண்டில பொந்து இருந்தது. பெட்டை இருவாட்சிப் பறவை உள்ள இருந்துகொண்டு வாசலை அடைச்சிரும், ஒரு கீறல்தான் மிச்சம், ஆண் பழம் கொண்டுவந்து அதுக்குள்ளால ஊட்டும். அப்பிடிப் பொந்து விழ ஒரு மரம் எத்தின வருசம் நிக்கணும்?

மரக்காலைக் காக்கா:
மருதைத் தொட்டது பிழைதான். கொந்தராத்துக்காரனுக்கு எல்லை காட்ட ஆளில்லாட்டி அப்பிடித்தான். ஆனா காடு வெட்டினதாலதான் ஆனை ஊருக்குள்ள வருதெண்டு அடுத்ததா எழுதுவீங்க, தெரியும். ஆனைக்கு இருண்ட காட்டை விடப் புல்லும் பத்தையும்தான் விருப்பம். ரெண்டு மாரி போகட்டும், அந்த இடம் அதுக்கு விருந்து.

படுவான்கரையான்:
அந்த ரெண்டு மாரிக்கும் அது என்னத்தைத் தின்னும்? வளர்ந்த ஆனைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ மட்டில வேணும். பகலில ஒதுங்க இடமில்லாட்டி வட்டையோரம்தான் நிக்கும். போன மாரி எங்கட வாடிச் சுவரைத் தள்ளி விதைநெல் மூட்டையை இழுத்துப் போட்டு, மிச்சத்தை மிதிச்சிட்டுப் போச்சு. புல் எழும்பின இடத்திலயும் ஆரோ கம்பி கட்டிச் சோளன் போட்டிருவாங்கள். 2011 கணக்கெடுப்பில நாட்டில 5,879 ஆனை. 2023ல மட்டும் 400க்கு மேல செத்திருக்கு, 150க்கு மேல ஆக்களும்.

அம்பாறைத் தம்பி:
இடையில வாறதுக்கு மன்னிக்கணும். சேனாநாயக்க சமுத்திரக் குளத்தச் சுத்தி 1954ல கல்லோயாப் பூங்காவை ஏன் வைச்சாங்க? நீரேந்து காடு போனா குளம் தூர்ந்திரும் எண்டுதான்.

மரக்காலைக் காக்கா:
அந்தக் குளத்துக்கும் வயலுக்கும் எவ்வளவு காட்டை வெட்டின எண்டும் சொல்லுங்களன். அந்தச் சோத்தைத் தின்டுதான் நாம இஞ்ச எழுதுறம். தறிக்கவே வேணாமெண்டா சொல்லிப்போடுங்க, நான் பலகை விக்கிற என்ட மரக்காலையை இழுத்துப் பூட்டுறன்.

படுவான்கரையான்:
வேணாமெண்டு நான் எங்க சொன்னன்? மேல போய் வாசிங்க காக்கா. மாரி முடிஞ்ச கையோட, மாசி பங்குனியில தறிக்கட்டும். தேக்கு அடிக்கட்டையில இருந்தே துளிர்க்கும், அடுத்த மழைக்குள்ள கொஞ்சமெண்டாலும் மண்ணை மூடும். ஒரு துண்டைத் தறிச்சா பக்கத்துத் துண்டை நாலஞ்சு வருசம் விடட்டும். ஓடைக்கு ரெண்டு பக்கமும் கை வைக்கப்படாது. குழையை எரிக்காமச் சரிவுக்குக் குறுக்கால போட்டா ஓடுற மண்ணில கொஞ்சம் நிக்கும்.

மரக்காலைக் காக்கா:
துண்டு துண்டாத் தறிச்சா லொறி வாடகை ஆரு குடுக்கிற?

புல்லுமலைப் பொடியன்:
குளம் தூர்வார ஆரு குடுக்கிற காக்கா?

படுவான்கரையான்:
ராவு இஞ்ச முதல் மழை. விடிய ஓடையைப் பார்த்தன், பால் விட்ட தேத்தண்ணி மாதிரி ஓடுது. படம் எடுத்திருக்கன், சிக்னல் வந்தா போடுறன்.