வடவள்ளியில் மாமனாரை எங்கே சாப்பிட அழைத்துப் போகலாம்?

கோவை வடவள்ளிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். மருதமலை சாலையில் பிரியாணிக் கடை, ஆந்திரா மெஸ், பரோட்டாக் கடை என்று திரும்பிய பக்கமெல்லாம் உணவகங்கள். ஞாயிறன்று ஈரோட்டிலிருந்து மாமனார் வருகிறார். மசாலா மிகுந்தால் அவர் வயிறு தாங்காது. மகளுக்கோ கோழி வேண்டும்.

பதில்: பள்ளிபாளையம் சிக்கன் செய்யும் மெஸ்ஸாகப் பாருங்கள். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, இவைதான் அதற்கு உயிர். மசாலாத் தூளைக் கொட்டியிருந்தால் அது பள்ளிபாளையமே அல்ல! மிளகாய் விதையை நீக்கிச் செய்யச் சொன்னால் காரம் அடங்கும்.

இன்னொரு பதில்: அண்ணா, பெரியவருக்குச் சந்தகையும் தேங்காய்ப் பாலும் வாங்கிக் கொடுங்கள். இடியாப்பம் போல அரிசியில் பிழிவது; எண்ணெய் இல்லாத பண்டம், வயிற்றுக்கு இதம். காலையிலேயே போய்விடுங்கள்.

கேட்டவர்: சந்தகை என்றதும் மாமனார் உடனே சரி என்றுவிட்டார். கோழி மதியத்துக்கு.