ஃபார்மட் போடுவதற்கு முன்னால்: வேலூர்ப் பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தும் பாடு (ஐந்து ஊர்க்காரர்கள் மாறி மாறிச் சொல்வது)

சத்துவாச்சாரியிலிருந்து:

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, நடுவில் அணைந்துபோகிறது, ஃபேன் சுற்றினாலும் டிஸ்பிளே வருவதில்லை. இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் நம்ம ஊரில் கிடைக்கிற முதல் பதில், "வைரஸா இருக்கும், ஃபார்மட் போட்டுடலாம்." டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதுதான் ஃபார்மட். போட்ட பத்து நாளில் அதே தொல்லை திரும்ப வரும். பிள்ளைகளின் போட்டோவும் சான்றிதழ் ஸ்கேனும் போனதுதான் மிச்சம். முதலில் கரண்டைப் பாருங்கள் என்பதே என் கட்சி.

கேபினெட்டின் பின்பக்கத் தகரத்தில் கை பட்டால் ஜிவ்வென்று இழுக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். (கேபினெட்டுக்குள் கரண்டை மாற்றித்தரும் பவர் பெட்டி) போச்சு என்று உடனே மாற்றிவிடாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கரண்ட் நுழையும் இடத்தில் ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சின்னக் கபாசிட்டர்கள் பாடியோடு இணைந்திருக்கும். இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் இல்லாத வீட்டில் 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115, கேபினெட்டிலேயே நின்றுவிடும். அந்த ஜிவ்வு அதுதான். அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. கேபிளை டிவியில் சொருகினால் போர்ட் எரிய வாய்ப்பு உண்டு. இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுச் சொருகுங்கள்.

மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட் 750 அளவில் வைத்து சாக்கெட்டில் பார்க்கலாம். ஃபேஸ், நியூட்ரலுக்கு நடுவே 230 பக்கம். ஃபேஸ், எர்த்துக்கு நடுவேயும் ஏறக்குறைய அதே. நியூட்ரல், எர்த்துக்கு நடுவே 2, 3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. அங்கே 30, 40 காட்டினாலோ, ஃபேஸ், எர்த்துக்கு நடுவே அளவு நிலையில்லாமல் ஆடினாலோ எர்த் சரியில்லை. விலை குறைந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் திறந்து பாருங்கள். மேலே மூணு ஓட்டை இருக்கும், உள்ளே வரும் வயரில் ரெண்டு கம்பிதான் இருக்கும். அதுவும் சரி என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது வீட்டின் எர்த் கம்பியைப் புதைத்திருக்கும் எர்த் குழி. நம்ம பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் மண் பாறையாக இறுகிவிடும். கரியும் உப்பும் போட்ட குழியாக இருந்தாலும் ஈரம் இல்லாவிட்டால் பயனில்லை. வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: எர்த் முனையை நியூட்ரலோடு முடிச்சுப் போடுவது. லைனில் நியூட்ரல் அறுந்தால் முழு 230-உம் கேபினெட்டுக்கு வந்துவிடும், உயிர் போகும்.

தொரப்பாடியிலிருந்து:

அண்ணன் சொன்னதோடு சாயங்கால லோ வோல்டேஜையும் சேர்த்துக்கணும். ஏழு மணிக்கு மேல எல்லா வீட்லயும் ஏ.சி. ஓடும்போது 180-க்குக் கீழ இறங்கற தெரு இருக்கு. சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அங்க தடுமாறும். ஸ்டெபிலைசர் வாங்கறதைவிட 600 வி.ஏ. யு.பி.எஸ். மேல். வோல்டேஜையும் ஏத்திக் கொடுக்கும், கரண்ட் போனா சேவ் பண்ணி அணைக்கப் பத்து நிமிஷமும் கிடைக்கும். உள்ள இருக்கறது 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி, இந்த வெயிலுக்கு ரெண்டு, மூணு வருஷம் தாங்கும். "யு.பி.எஸ். போட்டும் கரண்ட் போனா அணையுது"ன்னா பெரும்பாலும் பேட்டரி செத்திருக்கும். சார்ஜ் ஏறின பிறகு 12.7 காட்டினாலும் நம்பாதீங்க. லோடு கொடுத்து அளந்து பாருங்க, 10.5-க்குக் கீழ சரிஞ்சா மாத்தத்தான் வேணும். லேசர் பிரின்டரை அதுல சொருகாதீங்க, சூடேறும்போது அது இழுக்கற கரண்ட்டை 600 வி.ஏ. தாங்காது.

வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டறவங்க பின்னாடி இருக்கற சுவிட்ச் யு.பி.எஸ். மோடுல இருக்கான்னு பாருங்க. கரண்ட் விட்டா முழு லோடுல எஸ்.எம்.பி.எஸ். தாங்கறது சுமார் 16 மில்லி செகண்ட்தான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறுறதுக்கு அதைவிட நேரம் எடுத்தா ரீஸ்டார்ட் ஆயிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து:

கரண்ட் சரியாக இருந்தும் கேம் போட்டாலோ வீடியோ எடிட் பண்ணினாலோ இருபது நிமிடத்தில் அணைகிறது என்றால் அது சூடு. ஹெச்.டபிள்யூ. மானிட்டர் என்ற இலவச மென்பொருளில் பிராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். கத்திரி வெயிலில் சும்மா இருக்கும்போது 50 டிகிரி வரை போனால் கவலை இல்லை. வேலை செய்யும்போது 90-ஐத் தாண்டினால் திறந்தே ஆக வேண்டும். 100 பக்கம் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துவிடும்.

எங்கள் ஊரில் தறி ஓடும் வீடுகளுக்கு இது தனிப் பிரச்சினை. வெளியே தூசு துடைத்துப் பளபளவென்று இருக்கும். பிராசஸர் ஃபேனைக் கழற்றினால் ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி பஞ்சு படிந்திருக்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். ஃபேன் என்ன வேகத்தில் சுற்றினாலும் காற்று உள்ளே போக வழியே இருக்காது. கேபினெட்டை வாசலில் வைத்துப் பிளோயரால் காற்று அடியுங்கள், அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும்.

பிராசஸருக்கும் கூலருக்கும் (ஃபேனும் தகடும் சேர்ந்தது) நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு ஒரே ஒரு பொட்டு வையுங்கள். பூசி மெழுக வேண்டாம், கூலர் அழுத்தும்போது தானே பரவும். இன்டெல் கூலரின் நாலு பிளாஸ்டிக் ஊசிகளையும் எதிர் மூலைகளாக அழுத்த வேண்டும், ஒவ்வொன்றும் 'டக்' என்று கேட்க வேண்டும். ஒன்று பிடிக்காவிட்டாலும் முன்பைவிடச் சூடு அதிகமாகும். பழைய ஏ.எம்.டி. பிராசஸராக இருந்தால் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பேஸ்ட் இளகிய பிறகு கூலரை லேசாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும், அடிக்கம்பிகள் வளைந்துவிடும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

டிஸ்பிளே வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரேம் (மதர்போர்டில் சொருகியிருக்கும் நினைவகப் பட்டை). பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடித்துவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தோல் பதனிடும் இடங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ரோமம் நீக்க சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அதிலிருந்து கிளம்பும் அழுகிய முட்டை நாற்ற வாயு, செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். ரேம் பற்களில் தங்க முலாம் தேய்ந்த இடத்தில் அந்தக் கறுப்பு திட்டாகத் தெரியும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். எப்போதாவது ஒரு முறை செய்யலாம், மாதா மாதம் செய்தால் முலாமே போய்விடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணிதான் நல்லது. கை சானிடைசர் கூடாது, அதில் கிளிசரின் சேர்ப்பதுண்டு, பிசுக்குப் படியும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஓட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற மென்பொருள் ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்ப முடியாது.

இன்னொன்று. தேதி 2009, 2015 என்று பின்னால் போய், வெப்சைட் எல்லாம் பாதுகாப்பில்லை என்று மறுத்தால், மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியை மாற்றினால் போதும். 3 வோல்ட் நாணய பேட்டரி, வாட்ச் கடையில் கிடைக்கும்.

காட்பாடியிலிருந்து:

ஆன் பண்ணிக் காபி குடிச்சு வந்தாலும் டெஸ்க்டாப் வரலை, டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம். ஃபார்மட் பக்கம் போகறதுக்கு முன்னாடி டிஸ்க் நிலைமையைக் காட்டற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற மென்பொருளைப் போட்டுப் பாருங்க. 05, சி5, சி6 வரிசைகள்ல 'ரா வேல்யூ' கட்டத்துல சுழியமா இல்லாம எண் இருந்தா ஹார்ட் டிஸ்க்ல எழுதுமிடமே கெட்டுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். சி7 மட்டும் ஏறிக்கிட்டே இருந்தா டிஸ்க்கைக் குறை சொல்லாதீங்க, டிஸ்க்கை மதர்போர்டோட இணைக்கற சாட்டா கேபிளை மாத்துங்க. கேபிள் மாத்தினாலும் பழைய எண் குறையாது, மேல ஏறாம நின்னா சரியாயிடுச்சு.

சி5 ஏறின டிஸ்க்ல செக் டிஸ்க் (டிஸ்க் பிழையைத் தேடித் திருத்தற விண்டோஸ் கருவி) ஓட்டாதீங்க. சாகக் கிடக்கிறவனை ஓடச் சொல்ற மாதிரி அது. முக்கியமான ஃபைலை முதல்ல காப்பி எடுங்க, சின்ன ஃபைல்கள் முதல்ல, சினிமா கடைசியில. டிஸ்க் நல்லா இருந்தும் மெதுவா இருந்தா 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒண்ணு போடுங்க. பழைய மெஷினுக்கு அதைவிடப் பலன் தர்ற செலவு வேற இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் ஃபைல் வைக்க உள்ளேயே இருக்கட்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்னா எட்டாம் தலைமுறை அல்லது அதுக்குப் பிந்தின பிராசஸரும், டி.பி.எம். 2.0-ங்கற பாதுகாப்பு வசதியும் வேணும். அதுக்கு முந்தின மெஷின்ல குறுக்கு வழியில ஏத்தறதைவிட விண்டோஸுக்குப் பதிலா இலவசமான லினக்ஸ் மின்ட் போடலாம். தமிழ் 99 தட்டச்சும் ஐபஸ்ங்கற தட்டச்சு மென்பொருள் வழியா அதுல கிடைக்கும்.

சத்துவாச்சாரியிலிருந்து:

தம்பி சொன்ன காப்பி விஷயம் முக்கியம். வெளியே சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுக்கலாம். கரண்ட், டிஸ்பிளே புகாருக்கு டிஸ்க் தேவையே இல்லை. ரேம், எஸ்.எம்.பி.எஸ். சீரியல் நம்பரைக் கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மதர்போர்டு போச்சு என்று சொன்னால் பிராசஸரைச் சுற்றியுள்ள கபாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இல்லாமல் உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதை மட்டும் மாற்றித்தர ஆள் கிடைப்பார்கள். போர்டில் இருந்த அதே மைக்ரோ ஃபேரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி வகை என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.