1872 மெட்ராஸ் நாவலுக்கு எந்தப் பீங்கான் டிசைன்?

நாணல்:
நுங்கம்பாக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களா, 1872. விருந்துக்கு முன்னால் பட்லர் தட்டுகளை எண்ணும்போது ஒன்று குறைகிறது, கதை அங்கேதான் கிளம்புகிறது. தட்டில் என்ன டிசைன் போடலாம் என்று தேடினால் எங்கு பார்த்தாலும் ராயல் ஆல்பர்ட் என்ற இங்கிலீஷ் பீங்கான் கம்பெனியின் 'ஓல்டு கன்ட்ரி ரோசஸ்'தான், ரோஜாவும் தங்க விளிம்புமாக அழகாகவே இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா? அடியில் 'மேட் இன் இங்கிலாந்து' என்று இருப்பதை பட்லர் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி ஒரு வரியும் வேண்டும்.

பரண்வாசி:
இரண்டும் வேண்டாம். அந்த ரோஜா வந்ததே 1962இல்! 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயரைப் போடுவது, அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த சுங்கச் சட்டத்தால் 1891 முதல் பரவிய வழக்கம், 'மேட் இன்' பெரும்பாலும் அதற்கும் பிறகு. உங்கள் காலத்துக்கு, தட்டின் அடியில் வைர வடிவில் இருக்கும் டயமண்ட் முத்திரைதான் சரி. 1842 முதல் 1883 வரை பதிவான டிசைன்களுக்கு அதைப் போட்டார்கள். உச்சி வட்டத்தில் ரோமன் எண் நான்கு இருந்தால் பீங்கான், மண்பாண்ட வகை, மூலைகளில் நாள், மாதம், வருடக் குறிகள். அது டிசைன் பதிவான தேதி, தட்டு செய்த தேதி இல்லை, அதனால் 1865 குறி உள்ள தட்டு உங்கள் கதையில் தாராளமாக வரலாம். அந்தப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஊதாப்பூ:
வில்லோ போடுங்கள், யாருக்கும் விளக்கவே வேண்டாம். நீலம், வெள்ளை, பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு பறவைகள். 1790 வாக்கில் இங்கிலாந்தில் உருவான டிசைன். அதற்கு ஒரு 'சீனக் காதல் கதை'யும் உண்டு, அதுவும் இங்கிலீஷ்காரர்கள் கட்டியதுதான், 1849இலேயே பத்திரிகையில் வந்துவிட்டது. துரைசானி ஆயாவுக்கு அதை நிஜமான சீனக் கதை என்றே சொல்லட்டுமே.

பரண்வாசி:
வில்லோ நல்ல டிசைன்தான், ஆனால் பெரும்பாலும் மலிவான மண்பாண்டத்தில் அச்சடித்தது, தினசரிச் சாப்பாட்டுக்குச் சரி. பெரிய விருந்துக்கு போன் சைனா செட்டை இறக்குவார்கள், எலும்புச் சாம்பல் கிட்டத்தட்ட பாதி சேர்ந்த பீங்கான், வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும். சுண்டினால் கணீரென்று கேட்கும், மண்பாண்டம் மொத்தென்று கேட்கும். யாராவது தட்டை மாற்றி வைத்திருந்தால் பட்லர் பார்க்கக்கூட வேண்டாம், காதாலேயே பிடித்துவிடுவார்.

நாணல்:
ஆகா, இது போதும், அத்தியாயத்தையே மாற்றி எழுதலாம். அப்புறம் ஒன்று: காணாமல்போன தட்டுக்கு இங்கிலாந்திலிருந்து இன்னொன்று வரவழைத்தால் எவ்வளவு நாள்?

பரண்வாசி:
சூயஸ் கால்வாய் 1869இல் திறந்துவிட்டது, இருந்தாலும் கடிதம் போய்ச் சரக்கு வர இரண்டு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். வந்தாலும் அப்போது மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும், வைக்கோல் திணித்த பெட்டி மசூலா படகில், அதாவது பலகைகளைக் கயிற்றால் தைத்த படகில், அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். உடைக்க நினைத்தால் அங்கேயே உடைத்துவிடலாம்.