இழை: அரிஸ்டோலோக்கிக் அமிலச் சிறுநீரகநோய் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களே,

மருந்தாளுநர் பட்டயப் படிப்புக்கு மூலிகை நச்சியல் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் நடந்ததைச் சொல்லும் இடத்தில் எழுத்து நின்றுவிட்டது.

1990இல் அங்கே உடல் இளைக்க வைக்கும் மருந்துக்கலவையில் சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். சேர்க்க நினைத்தது ஹான் ஃபாங் ஜி. ஸ்டெஃபானியா என்னும் கொடியின் வேர். நீர்வீக்கத்துக்கும் மூட்டுவலிக்கும் சீன வைத்தியர்கள் கொடுப்பது. வந்து சேர்ந்ததோ குவாங் ஃபாங் ஜி, அதாவது அரிஸ்டோலோக்கியா என்னும் வேறொரு கொடியின் வேர். சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் சுருங்கிப்போனது. 1993இல் லான்செட் மருத்துவ இதழில் செய்தி வந்தது. முதலில் 'சீன மூலிகைச் சிறுநீரகநோய்' என்றார்கள். அப்புறம் பழியை நாட்டின் மேலிருந்து எடுத்து, அந்தச் செடியிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் மேல் வைத்தார்கள். அந்த அமிலத்துக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும்.
– தே.

---

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நம் ஊர் அரிஸ்டோலோக்கியாதான் ஆடுதீண்டாப்பாளை. 'ஆடுதீண்டா அமிலம்' என்று போடுங்கள். எச்சரிக்கை பெயரிலேயே வந்துவிடும்.
– ந.

---

> ஆடுதீண்டா அமிலம்

ந. ஐயா, 'தீண்டா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆடு தீண்டாத அமிலம் என்றாகும். ஆடு தீண்டும் அமிலம் ஒன்று சொல்லுங்களேன்! சேர்த்து எழுதினால் 'ஆடுதீண்டாவமிலம்'. மாணவர் வாயில் நுழையுமா?

எங்கள் பக்கம் 'ஆடுதின்னாப்பாளை' என்றுதான் வழக்கு. தீண்டாமை வேறு, தின்னாமை வேறு. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஆடு விலகும். பாளை, பாளம் இரண்டும் ஒரே வேர் என்பது என் கணிப்பு. பூவைப் பாருங்கள், தென்னம்பாளை வெடித்தாற்போல ஒரு பக்கம் வாய்பிளந்து நிற்கும். 'பாலை' என்று எழுதுகிறவர்கள் ஐந்திணையைக் குழப்புகிறார்கள். இது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– கோ.

---

எழுதாமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

கிரேக்கத்தில் அரிஸ்டோஸ் என்றால் மிகச் சிறந்த, லோகியா என்றால் பிள்ளைப்பேறு. பூ கருப்பை வடிவில் இருக்கிறதென்று பேறுகாலத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நற்பேற்றமிலம்.
– வி.

---

வி. அண்ணா, சிறுநீரகத்தைக் காவுவாங்கும் நஞ்சுக்கு நற்பேறா?
– தே.

---

மருந்துக்கடையில் நிற்பவன் என்பதால் ஒரு வார்த்தை. பிரசெல்ஸ் நோயாளிகளில் 39 பேருக்குச் செயலிழந்த சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாயையும் முன்னெச்சரிக்கையாக எடுத்தார்கள். அவர்களில் 18 பேருக்கு அங்கே புற்றுநோய் இருந்தது 2000இல் தெரிந்தது. 2002இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த இன மூலிகைகளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதல் பிரிவில் வைத்தது. சீனாவே 2003இல் இதே இனத்தின் இன்னொரு மூலிகையான குவான் மு தோங்கையும் மறு ஆண்டு குவாங் ஃபாங் ஜியையும் விலக்கியது.

வயிற்றுப்புழுவுக்கு ஆடுதீண்டாப்பாளை, பாம்புக்கடிக்குக் கருடக்கொடி என்று இங்கேயும் கேட்டு வருகிறார்கள். இரண்டிலும் அதே அமிலம். வெறும் கிரேக்கப் பெயரைப் போட்டால் மாணவர் இதை யாரோ வெள்ளைக்காரர் பிரச்சினை என்று நினைத்துப் புரட்டிவிடுவார். என் வாக்கு ந. ஐயாவுக்கு.
– சு.

---

சு. சொல்வது நியாயம். ஆனால் பிரசெல்ஸில் நடந்தது என்ன? 'ஃபாங் ஜி' என்ற ஒரு பெயர் இரண்டு செடிக்கு இருந்தது. நாமும் ஒரு செடியின் பெயரைப் பேரினம் முழுவதற்கும் போர்த்தினால் அதே குழப்பம்தான். பால்கன் நாடுகளில் உழவருக்கும் இதே சிறுநீரகநோய் வந்தது; அங்கே கோதுமையோடு கலந்து அரைபட்டது வேறொரு அரிஸ்டோலோக்கியாவின் விதை. அந்த உழவரின் நோய்க்கு அவர் கண்ணால் பார்க்காத செடியின் பெயரா? அமிலம் அரிஸ்டோலோக்கிக்காகவே இருக்கட்டும்.

(ஆடு தீண்டாவிட்டால் என்ன, சிவப்புடல் அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு இந்த இலையைத்தான் தின்னும். நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தீண்டா.)
– மா.

---

> அரிஸ்டோலோக்கிக்

'அரிசுடோலோக்கிக்கு' என்று எழுதுங்கள். வடவெழுத்து ஒரீஇ என்றார் தொல்காப்பியர்.
– கோ.

---

இறுதியில் குவ்வன்னாவைப் போட்டால் நான்காம் வேற்றுமையாகிவிடும், ஐயா. 'அரிசுடோலோக்கிக்கு அமிலம்' என்றால் யார் யாருக்கு அமிலம் கொடுத்தார்கள் என்று கேட்பார்கள்.
– வி.

---

நேரமில்லை, முடிக்கிறேன். தலைப்பில் 'அரிஸ்டோலோக்கிக் அமிலச் சிறுநீரக நலிவு'. அதற்குக் கீழே முதல் வரியிலேயே ஆடுதீண்டாப்பாளையும் கருடக்கொடியும் இதே இனம், உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில். ந. ஐயா, கோ. ஐயா இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள்.
– தே.

---

ஸகரத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். 'நலிவு' கூடாது. நலிந்தது தேறிவிடும். இங்கே திசு நாராகி இறுகிவிடுகிறது, திரும்பாது. 'சிறுநீரக நாரிறுக்கம்' என்று மாற்ற வியாழன் மாலை வரை நேரம் இருக்கிறதே?
– கோ.