சங்கிலி நீள்கிறதா, தேய்கிறதா? ‘கணுத்தேய்வு’ என்ற சொல்லுக்காக

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் குழு தொகுக்கும் எஞ்சின் சொற்பட்டியலில் ‘டைமிங் செயின் ஸ்ட்ரெச்’ என்பதற்குச் ‘சங்கிலி நீட்சி’ என்று போடலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். டைமிங் செயின் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் பற்சக்கரங்கள் வழியே இணைக்கும் சங்கிலி; நாளடைவில் அதன் நீளம் கூடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த ஒரு சொல்லை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்திலேயே அது தவறாக வழங்கும் பெயர். அதை அப்படியே நம் பட்டியலில் ஏற்றினால், படிக்கிற பிள்ளைகள் கண்ணியின் இரும்புத் தகடு ரப்பர்போல இழுபடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

நடப்பது வேறு. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியோடு ஒரு முளையாணியால் கோக்கப்பட்டிருக்கிறது. முளையாணி ஒரு புஷ்ஷுக்குள், அதாவது சிறு உலோகக் குழாய்க்குள், இருக்கிறது. கண்ணி பற்சக்கரத்தில் ஏறும்போது அந்த இடம் மடங்கும், இறங்கும்போது நிமிரும். வண்டி ஓடும் நேரமெல்லாம் இதேதான். அந்த உராய்வில் முளையாணியும் புஷ்ஷும் மைக்ரான் கணக்கில் குறைந்துகொண்டே வருகின்றன. தகடு இருந்தபடியே இருக்கிறது. ஒவ்வோர் இணைப்பிலும் கூடும் இந்தச் சிறு இடைவெளிகள் சேர்ந்துதான் முழுச் சங்கிலியும் நீண்டதுபோல் ஆகிறது.

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என்னுடையது டர்போ அழுத்தம் கூட்டி, இறுக்கமான வால்வு ஸ்பிரிங்கும் கூடுதல் உயரம் தூக்கும் கேமும் போட்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு வினாடி கடகடவென்று சத்தம் வரும். ஆயில் அழுத்தம் ஏறி, சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் விறைத்ததும் அடங்கிவிடும். சில வாரம் கழித்து ஸ்கேனரில் பி0016 வந்தது. கிராங்க் தண்டின் நிலையும் கேம் தண்டின் நிலையும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் குறியீடு அது. திறந்துவிட்டேன்.

பழைய சங்கிலியையும் புதியதையும் ஒரே ஆணியில் மாட்டித் தொங்கவிட்டேன். அடியில் பழையது 2 மி.மீ. இறங்கி நின்றது. வளையமாகத் தொங்குவதால் உண்மையான வித்தியாசம் அதன் இரு மடங்கு, 4 மி.மீ. மொத்தம் 124 கண்ணிகள், ஒவ்வொன்றும் 9.525 மி.மீ. அதாவது 1181 மி.மீ. நீளத்தில் 0.34 விழுக்காடு. 124 இடங்களுக்குப் பங்கிட்டால் ஓர் இடத்துக்கு 0.032 மி.மீ., தலைமுடியின் தடிப்புகூட இல்லை.

பிறகு ஒரு கண்ணியை அறுத்து முளையாணியை உருவினேன். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இருந்தது. அதன் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் ஒரு சின்னப் படி தட்டுப்பட்டது. மறுபக்கம் புதிதுபோல. இழுவிசை எப்போதும் ஒரே பக்கமாக விழுவதால் தேய்வும் அங்கேயே. தகட்டில் துளைக்குத் துளை வெர்னியர் வைத்துப் பார்த்தேன். பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடே இல்லை. அன்றைக்குத்தான் ‘நீட்சி’ என்ற சொல் எனக்குப் பொருந்தாமல் போயிற்று.

நான் முன்வைப்பது கணுத்தேய்வு. கண்ணியும் கண்ணியும் சேரும் இடம் கணு, தேய்வது அதுதான். குழுவில் வந்த மறுப்புகளுக்கு என் பதில்:

> மூட்டுத்தேய்வு என்றாலே எல்லோருக்கும் புரியுமே?

புரியும், முழங்கால் வலி என்று! எலும்பு மருத்துவத்தில் அந்தச் சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. இணையத்தில் தேடுகிறவருக்கு எஞ்சின் கிடைக்காது, தைலம்தான் கிடைக்கும். ‘தேய்மானம்’ என்று முடிக்காததற்கும் இதுபோன்ற காரணம்தான்; கணக்கியலில் அது சொத்தின் மதிப்புக் குறைவைச் சொல்கிறது.

> மூங்கில் கணு அசையாதது. அசையும் மூட்டுக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி, ஐயா. நானும் இதில் தயங்கினேன். ஆனால் விரலின் மூட்டையும் கணு என்கிறோம். கணுக்கால் என்பதிலும் அதே கணுதான், அதுவும் மடங்கித் திரும்பும் இடம். தமிழில் கணு என்பது இரண்டு துண்டு சேரும் இடம். அசைவது, அசையாதது என்ற வரம்பு அதற்கு இல்லை. சந்தியும் அந்தச் சொல்லைப் போலவே: கணுக்கால், கணுத்தேய்வு.

> பட்டறையில் ‘செயின் லூஸ்’ என்கிறார்கள். அதையே ‘சங்கிலித் தளர்வு’ ஆக்கலாமே?

இதை ஏற்க முடியவில்லை. தளர்வு என்பது அறிகுறி. சங்கிலி நன்றாக இருந்து டென்ஷனர் பழுதானாலும் தளரும். சங்கிலி உரசி ஓடும் கைடின் பிளாஸ்டிக் உடைந்தாலும் தளரும். இன்னொன்று: டென்ஷனர் இருப்பது தளர்ந்த பக்கத்தில். இழுக்கும் பக்கத்தில் கூடிய நீளத்தை அதனால் ஈடுசெய்ய முடியாது. என் எஞ்சினில் அந்தப் பக்கம் 45 கணுக்கள், ஆக 1.45 மி.மீ. 20 பல் கிராங்க் சக்கரத்தில் அது ஏறக்குறைய 2.7 பாகை. வால்வுகள் அவ்வளவு பிந்தித் திறக்கின்றன, சங்கிலி தொட்டுப் பார்க்க விறைப்பாகவே இருந்தாலும்.

‘நீட்சி’யை வேறோர் இடத்துக்குக் காப்பாற்றி வைக்கவும் வேண்டும். கேம் சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட் பல எஞ்சின்களில் உண்மையிலேயே நீளும் வகை. குறித்த முறுக்குவிசைக்குப் பிறகு மேலும் இத்தனை பாகை என்று திருகும்போது உலோகம் நிரந்தரமாக நீண்டுவிடுகிறது. அதனால்தான் கழற்றினால் புதியது போட வேண்டும். அது நீட்சி போல்ட். ஒரே பழுதுபார்ப்புக் குறிப்பில் போல்ட்டும் சங்கிலியும் பக்கத்துப் பக்கத்து வரியில் வரும்போது, இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் படிப்பவர் என்ன செய்வார்?

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், சொல்தான் கையை நடத்துகிறது. நீட்சி என்று நம்புகிறவர் தடித்த தகடுள்ள சங்கிலியைத் தேடுவார். கணு தேய்கிறது என்று தெரிந்தவர் ஆயிலைப் பார்ப்பார். நேரடி எரிபொருள் பீய்ச்சல் எஞ்சின்களில் கரித்துகள் ஆயிலில் கலந்து கணுவுக்குள் புகுந்து அரம்போல அராவுகிறது; எரிபொருள் கலந்து ஆயில் நீர்த்துப்போனால் படலம் மெலிகிறது. சக்தி கூட்டிய எஞ்சினில் இதற்கு மேல் இறுக்கமான ஸ்பிரிங்கின் சுமை, உயர்ந்த சுழல்வேகம். கிராங்க் புல்லியில் இருக்கும் அதிர்வடக்கியை எடுத்துவிட்டு எடை குறைந்த கெட்டிப் புல்லி போடுகிறவர்களும் உண்டு. அப்போது கிராங்க் தண்டின் அடங்காத முறுக்கதிர்வு கணுக்களுக்கும் கூடுதலாகப் போய்ச் சேர்கிறது. நானும் அதைச் செய்திருந்தேன். இப்போது பழைய புல்லியைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

சங்கிலி ஒரு பல் தள்ளி விழுவதற்குப் ‘பல் தாண்டல்’ போதும், அதில் எனக்கு வழக்கில்லை. 20 பல் கிராங்க் சக்கரத்தில் ஒரு பல் என்றால் 18 பாகை. ‘டைமிங்’ என்பதை இப்போதைக்கு அப்படியே விடலாம்; ‘காலச்சங்கிலி’ என்றால் வரலாற்று வரிசை என்று படுகிறது.

சொல்லை எழுத்தில் பழகிப் பார்க்க, என் வண்டிக் குறிப்பேட்டில் இப்படி எழுதி வைத்தேன்: “கணுத்தேய்வு 0.34 விழுக்காடு. பற்கள் ஒரு பக்கம் கொக்கிபோல் வளைந்துள்ளன. சங்கிலி, பற்சக்கரங்கள், கைடுகள், டென்ஷனர், நீட்சி போல்ட்டுகள் எல்லாம் புதிது. ஆயில் மாற்றும் இடைவெளி பாதியாகக் குறைக்கப்பட்டது.” உங்கள் குறிப்பு ஒன்றிலும் இதை வைத்துப் பாருங்கள். எங்கே இடறுகிறதோ அந்த வாக்கியத்தை இங்கே அனுப்புங்கள்.