2023 பிரேசில் லீக்: இன்னும் உங்களை விடாத கணம் எது?

ரியோவில் இருந்தவன்

ரியோவின் பொட்டாஃபோகோ அணி 2023 பட்டத்தைக் கைநழுவவிட்ட கதை இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் முன்கதை சொல்லவில்லை. முதல் 19 ஆட்டங்களில் 47 புள்ளி, ஒரு கட்டத்தில் இரண்டாம் இடத்தோடு 13 புள்ளி இடைவெளி. நான் எழுத வந்தது நவம்பர் 1 இரவு நில்டன் சாண்டோஸ் மைதானத்தில் நடந்ததை மட்டும்.

வேலை நிமித்தம் அப்போது ரியோவில் இருந்தேன். எங்கள் குடியிருப்பின் வாயிற்காவலர் அறுபதைக் கடந்தவர், பிறவிப் பொட்டாஃபோகோக்காரர். 1995இல் சாண்டோஸ் அணியை இறுதியில் வென்று பட்டம் எடுத்தார்களே, அந்த வருடத்துச் சட்டையை இன்றும் வைத்திருக்கிறார். கடைசியில் பட்டத்தை எடுத்துக்கொண்ட பல்மெய்ராஸோடு நடந்த அந்த ஆட்டத்துக்கு அவர்தான் என்னை அழைத்துப் போனார். இடைவேளையில் பொட்டாஃபோகோ 3-0. அரங்கமே பாடிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் பாடவில்லை. "பொட்டாஃபோகோவுக்கு மட்டுமே நடக்கிற காரியங்கள் சில உண்டு, மகனே" என்றார். அது அவர்கள் எல்லோரும் சொல்லும் வழக்குதான். ஆனால் அன்று அவர் சொன்ன விதத்தில் பழமொழியின் தொனி இல்லை, பயம் இருந்தது.

பிறகு பல்மெய்ராஸின் எண்ட்ரிக் ஒன்று அடித்தான். அந்தப் பையனுக்கு 17 வயது. பொட்டாஃபோகோவின் அட்ரியெல்சனுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு ஆடும்போதே எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. 3-1. டிக்கின்யோ பந்தை எடுத்து வைத்தார். போட்டிருந்தால் 4-1, அதோடு முடிந்தது.

பெரியவர் திரும்பிவிட்டார். மைதானத்துக்கு முதுகு, என் பக்கம் முகம். "என்னால் முடியாது. நீ பார். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். என் தோள்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கைகள் சட்டையைத் தாண்டிச் சுட்டன.

பல்மெய்ராஸ் கோல்காப்பாளர் வெவெர்டன் தடுத்தார். நான் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே அவர் கைகள் என் தோளிலிருந்து இறங்கிவிட்டன. அடுத்த ஓரிரு நிமிடத்தில் எண்ட்ரிக்கின் இரண்டாவது கோல், பிறகு சமன், 90+9இல் முரிலோ. 3-4. அதையெல்லாம் நானும் சரியாகப் பார்க்கவில்லை. என் முகம் என்ன காட்டியிருக்கும் என்பதுதான் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரமாவது அதை மறைத்திருக்கலாம்.

கடலோடி

உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, அண்ணா. இதுவரை இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

சரக்குக் கப்பலில் வேலை. டிசம்பர் 6 அன்று சாண்டோஸ் துறைமுகத்தில் நின்றிருந்தோம். தூத்துக்குடியில் என் அப்பா பெலே பெயரைச் சொல்லித்தான் எங்களுக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தார். பெலே ஆடிய ஊரில் கால் வைத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் பகலிலேயே சாண்டோஸ் அணியின் வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். இரவு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மதுக்கடை. தொலைக்காட்சியில் சாண்டோஸ் எதிர் போர்த்தலேசா ஆட்டம். அது நடந்த சாண்டோஸின் விலா பெல்மிரோ மைதானம் அங்கிருந்து தூரமே இல்லை, ஆனால் டிக்கெட் எங்கே கிடைக்கும்? எனக்குப் போர்த்துகீசிய மொழி தெரியாது. அது சீசனின் கடைசி ஆட்டம் என்று தெரியும். சாண்டோஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாது. மாதக்கணக்கில் கடலில் இருப்பவனுக்குப் பட்டியல் எங்கே தெரிகிறது.

1-1. போர்த்தலேசாவின் முதல் கோலை அடித்தவர் மரின்யோ, முன்பு சாண்டோஸுக்கே ஆடியவர். மெசியாஸ் சமன் செய்தபோது கடையே எழுந்து கத்தியது, நானும் கத்தினேன். ஆட்டம் முடியப்போகிறது, கிளம்பும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வோம் என்று கடைக்காரரிடம் கைபேசியை நீட்டினேன். அவர் மறுக்கவில்லை. நான் சட்டையின் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் அழுத்திய அதே நொடியில் போர்த்தலேசாவின் லூசேரோ தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனது.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் பல் தெரியச் சிரிக்கிறேன். எனக்குப் பின்னால் ஒருவர் மேசையில் நெற்றியை வைத்துப் படுத்திருக்கிறார். இன்னொருவர் தொப்பியை வாயில் அடைத்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் கைபேசியை என் கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடிவிட்டு, உள்ளே போய்விட்டார். காசு வாங்கவில்லை.

கப்பலுக்குத் திரும்பும் வழியில் எங்கோ புகை. பேருந்துகளை எரிக்கிறார்கள் என்று வண்டியோட்டி சைகையில் சொன்னார். 111 வருட வரலாற்றில் சாண்டோஸ் முதல் முறையாகக் கீழ்நிலை லீக்குக்கு இறங்கிவிட்டது என்பதைக் கப்பலில் ஏறிய பிறகு, மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். பெலே இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் கடைசிப் பந்து மட்டும் உள்ளே போகாமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

முப்பத்தெட்டுச் சுற்று

இருவர் எழுதியதும் மனத்தைத் தொட்டது. ஆனால் இரண்டிலும் ஒரு பிழையான எண்ணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது.

கடலோடி நண்பருக்கு: லூசேரோவின் கோல் சாண்டோஸை இறக்கவில்லை. 1-1 என்றே முடிந்திருந்தாலும் அவர்களுக்கு 44 புள்ளி, இறங்காமல் தப்பிக்க அவர்களோடு போராடிய பாயியா அணிக்கும் 44. பிரேசில் லீக்கில் புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது கோல் வித்தியாசம் அல்ல, வெற்றிகளின் எண்ணிக்கை. பாயியாவுக்கு 12 வெற்றி, சாண்டோஸுக்கு 11. அன்று பாயியா அட்லெட்டிகோ மினெய்ரோவை 4-1 என்று வென்றது, அதே போராட்டத்தில் இருந்த வாஸ்கோ பிரகன்டினோவை 2-1 என்று வென்றது. சாண்டோஸின் விதி வேறு இரண்டு ஊர்களில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் முன்பே, அக்டோபரில் இண்டர்நேசனலிடம் 7-1 என்று தோற்ற அணி அது.

ரியோ நண்பருக்கு: அந்த ஒரு பெனால்டியால் பட்டம் போகவில்லை. கடைசி 11 ஆட்டங்களில் பொட்டாஃபோகோ ஒன்றில்கூட வெல்லவில்லை. 6 சமன், 5 தோல்வி. முதல் பாதியில் 47 புள்ளி, இரண்டாம் பாதியில் 17. இன்னும் ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பாருங்கள். நவம்பர் 1 அன்று அவர்கள் வென்றிருந்து மற்ற முடிவுகள் அப்படியே இருந்திருந்தால், பொட்டாஃபோகோவுக்கு 67, பல்மெய்ராஸுக்கும் 67. 68 புள்ளி எடுத்திருந்த போர்டோ அலெக்ரே நகர அணி ஒன்று உண்டு, பட்டம் கிரெமியோவுக்குப் போயிருக்கும். நோய் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. பயிற்சியாளர் லூயிஸ் காஸ்ட்ரோ, அணி முதலிடத்தில் இருக்கும்போதே சவூதிக்குப் போனார். பின்னால் வந்த புரூனோ லாஜே, ஃபிளமெங்கோவிடம் தோற்ற அன்று செய்தியாளர் முன்னிலையிலேயே பதவியை விட்டுத் தரத் தயார் என்றார். தலைவனே அப்படிப் பேசினால் வீரர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரே சீசனில் எத்தனை பயிற்சியாளர்கள் மாறினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

என் அனுபவம் சிறியது. இந்தியாவில் அது நவம்பர் 2 காலை. இடைவேளையில் 3-0 என்றதும் அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனிடம் "28 வருடத்துக்குப் பிறகு பொட்டாஃபோகோ" என்று சொல்லிக்கொண்டே போனேன். இறங்கும்போது அவன்தான் கைபேசியை என் முகத்துக்கு நேரே காட்டினான்.

அதனால் புதிதாகப் பிரேசில் லீக் பார்க்க வருபவர்களுக்குச் சில வார்த்தை. ஐரோப்பிய லீக்கைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்க்காதீர்கள். 2023இல் இது ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. ஐரோப்பியச் சந்தை நடுவில் திறக்கிறது, ஜூலையில் முதலிடத்தில் இருக்கும் அணி செப்டம்பரில் அதே அணியாக இருக்காது. எனவே ஜூலைப் பட்டியலை வைத்து யாருக்கும் பட்டம் கட்டாதீர்கள். போர்டோ அலெக்ரேவுக்கும் போர்த்தலேசாவுக்கும் இடையே 3,000 கிலோமீட்டருக்கு மேல். வார நடுவில் ஓர் ஆட்டம், வார இறுதியில் ஓர் ஆட்டம், நடுவில் விமானம், இதற்கு மேல் தென்னமெரிக்க கிளப்புகளின் கோப்பையான லிபர்டடோரஸ், பிரேசில் கோப்பை. அக்டோபரில் கால்கள் கனத்துப்போவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பட்டியலைப் பார்க்கும்போது புள்ளிக்குப் பக்கத்தில் வெற்றிகளின் எண்ணிக்கையையும் பாருங்கள், அங்கேதான் பாதிக் கதை இருக்கிறது. கீழே இருக்கும் நான்கு இடங்களையும் பாருங்கள். மேலே நடப்பதைவிட அங்கே நடப்பது கடுமையானது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவர் கடைசி விசில் ஊதும் வரை அணைக்காதீர்கள்.

வைகறை

அறிவுரைக்கு நன்றி, ஆனால் தலைப்பு அனுபவம் பற்றியது.

எனக்கு நவம்பர் 29, பொட்டாஃபோகோ எதிர் கொரிதிபா ஆட்டம். ஏற்கெனவே கீழிறங்கிவிட்ட அணி. அதற்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் பொட்டாஃபோகோவுக்குப் பெனால்டி, அதே டிக்கின்யோ, இம்முறை போட்டுவிட்டார். நான் எழுந்து நின்று கை தட்டினேன், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துவிட்டார்கள். என் மகள் வந்து "யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் கொரிதிபா சமன் செய்துவிட்டது. அவள் இன்னும் அந்தப் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

போர்டோ அலெக்ரே வாசி

முப்பத்தெட்டுச் சுற்று அவர்களே, "பட்டம் கிரெமியோவுக்குப் போயிருக்கும்" என்ற வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். இந்தக் கணக்கை என் பக்கத்து வீட்டு அம்மாவிடம் நான் ஒருபோதும் சொல்லப்போவதில்லை.

கணவரின் ஆராய்ச்சிப் பணிக்காக இரண்டு வருடம் போர்டோ அலெக்ரேவில் இருந்தோம். நவம்பர் 9, பொட்டாஃபோகோ எதிர் கிரெமியோ. நில்டன் சாண்டோஸை இசை நிகழ்ச்சிகளுக்கு விட்டிருந்ததால் ரியோவிலேயே சாவோ ஜனுவாரியோவில் ஆடினார்கள். 3-1 என்று கிரெமியோ பின்தங்கியதும் நான் தொலைக்காட்சியை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூங்கவைக்கப் போனேன். இருட்டறை. எங்களுக்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் தனியாக வாழ்பவர், எழுபது வயது, கிரெமியோவின் நீல-கறுப்பு-வெள்ளைக் கோடு போட்ட துண்டைக் கழுத்திலிருந்து எடுக்காதவர்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தல். குழந்தை அதிர்ந்து விழித்தது. தட்டிக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. அப்போது அந்த அம்மா தரையைக் காலால் உதைப்பது என் கட்டிலில் தெரிந்தது. மூன்றாவதுக்குத் தெருவெங்கும் பட்டாசு, குழந்தை வீறிட்டு அழுதது. எனக்குக் கோபம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன், கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லத்தான்.

கதவைத் திறந்தவர் முகம் முழுக்கக் கண்ணீர். "சுவாரஸ்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மூன்று கோலும் கிரெமியோவின் லூயிஸ் சுவாரஸ் அடித்தவை. 36 வயது, ஆட்டத்துக்கு ஆட்டம் முழங்கால் வலி. அந்த அம்மா கழுத்துத் துண்டை எடுத்து என் குழந்தையின் தலையில் போர்த்தினார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அதன் நுனியைக் கடிக்கத் தொடங்கியது. சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை.

சுவாரஸின் அந்த மூன்று கோல்களையும் பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஆனால் எனக்கு அவை சுவர் வழியாக வந்த மூன்று சத்தங்கள்தான்.

கடலோடி

முப்பத்தெட்டுச் சுற்று அண்ணாவுக்கு: வெற்றி எண்ணிக்கை விவரம் எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. ஆனால் ஒன்று. அந்தக் கடையில் இருந்தவர்களுக்கு அது கட்டாயம் தெரிந்திருக்கும். சமன் போதாது, இன்னொரு கோல் வேண்டும் என்று தெரிந்துதான் அவர்கள் அப்படி நின்றிருக்கிறார்கள். அப்படியானால் நான் படம் எடுக்கச் சொன்ன நேரத்தில் அவர்கள் ஏற்கெனவே இழந்துகொண்டிருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டே அந்த மனிதர் என் கைபேசியை வாங்கியிருக்கிறார். நீங்கள் சொன்ன பிறகு எனக்கு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.

சாண்டோஸ் அடுத்த வருடமே இரண்டாம் நிலை லீக்கில் முதலிடம் பிடித்து மேலே வந்துவிட்டது. மறுபடி அந்தத் துறைமுகத்துக்குப் போக வாய்ப்பு வந்தால் அந்தக் கடைக்குப் போவேன். படத்தை அவருக்குக் காட்டலாமா கூடாதா என்று மட்டும் தெரியவில்லை.

முப்பத்தெட்டுச் சுற்று

காட்ட வேண்டாம், தம்பி. காசை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். மன்னிக்கவும், நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

ரியோ நண்பரே, 2024இல் பொட்டாஃபோகோ லிபர்டடோரஸையும் லீக்கையும் எட்டு நாளுக்குள் எடுத்ததே, அந்தப் பெரியவர் பார்த்தாரா?

ரியோவில் இருந்தவன்

பார்த்தார். நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன். நவம்பர் 30 லிபர்டடோரஸ் இறுதியாட்டத்தில் முதல் நிமிடத்திலேயே பொட்டாஃபோகோவின் கிரெகோருக்குச் சிவப்பு அட்டை விழுந்தபோது அவருக்குச் செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. பத்துப் பேரோடு 3-1 என்று வென்ற பிறகும் பதில் இல்லை. டிசம்பர் 8 அன்று சாவோ பாவ்லோவை 2-1 என்று வென்று லீக்கும் கைக்கு வந்ததும் நானே அழைத்தேன்.

பின்னால் ஊதலும் பாட்டுமாக இருந்தது. வாழ்த்துச் சொன்னேன். என் அம்மா நலமா என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்றைக்கு அந்தப் பெனால்டியை அவன் எந்தப் பக்கம் அடித்தான்?" என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேலாகியும் அந்தக் காட்சியை அவர் பார்க்கவே இல்லையாம். தொலைக்காட்சியில் வந்தால் எழுந்து போய்விடுவாராம்.

சொன்னேன்.